டபிதா நடந்த பாலைவனம்

கடலோரக் கிராமமான கிராஸ்மாஸில் டபிதா சட்சைப் பற்றி யாரிடம் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். இறால் உரிப்பதில் அவள் கைக்கு ஈடு கிடையாது. தன் கொழுந்தனோடு அவள் எட்டு வருஷமாக ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

கொழுந்தன் ஜாபெஸ் சட்ச் அதே தெருவில், நாலு வீடு தள்ளித்தான் இருந்தான். அவனுடைய குதிரை வண்டி தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டால் டபிதா கதவைச் சாத்திவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவன் இடது பக்க பெஞ்சில் இருந்தால் இவள் வலது பக்கம். ஒரு கிறிஸ்துமஸ் அன்று பாதிரியார் வாசலில் நின்றுகொண்டு இரண்டு பேர் கையையும் சேர்த்துவைக்கப் பார்த்தார். டபிதா பாதிரியாரின் கையை மட்டும் குலுக்கிவிட்டு நடையைக் கட்டினாள். குளிர்காலங்களில் அவள் வாசலில் கரையில் ஒதுங்கிய விறகு அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். யார் வைத்தது என்று அவள் கேட்டதில்லை. எரித்ததும் இல்லை. அப்படியே தூக்கிப் பக்கத்து வீட்டு லெட்டியிடம் கொடுத்துவிடுவாள்.

அவள் பிறப்பால் கடல்காரி இல்லை. உள்ளே தள்ளி, உருளைக்கிழங்கு விளைகிற ஊரில் பிறந்தவள். பதினாறு வயதில் பக்கத்துக் கடற்கரை நகரத்தில் ஒரு விடுதியில் பாத்திரம் தேய்க்க வந்தாள். அந்த விடுதியின் பின்வாசலுக்கு இறால் கொண்டுவருகிறவன் ஆமோஸ் சட்ச். ஒரு நாள், "என்ன, இன்னிக்கு இறாலெல்லாம் இத்துனூண்டா இருக்கு?" என்று குறை சொன்னாள். "நாளைக்கு வளர்த்துக் கொண்டாறேன்" என்றான் அவன். மறுநாள் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய ஒரு நண்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் நீட்டி, "ராத்திரி முழுக்கத் தீனி போட்டேன். கொஞ்சம் அதிகமாயிடுச்சு" என்றான். அந்தப் பேச்சில் விழுந்தவள்தான். கல்யாணம் ஆகி கிராஸ்மாஸுக்கு வந்தாள், ஹெஸ்டர் என்று ஒரு பெண் பிறந்தாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஹெஸ்டருக்கு இரண்டு வயது நிரம்பிய மார்ச் மாதத்தில் அது நடந்தது. கடல் வற்றும் நேரத்தில் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு வண்டியை ஓட்டிக்கொண்டு மணல்வெளிக்குப் போனார்கள். அங்கே கடல் இரண்டு மைலுக்கு உள்வாங்கும். குதிரையின் வயிறு நனைகிற ஆழம்வரை வண்டியை இறக்கி வலையை இழுப்பதுதான் அவர்கள் தொழில். அன்று பகலிலேயே மூடுபனி இறங்கியது. மதியத்துக்கு மேல் ஜாபெஸின் வண்டி ஊருக்குள் வந்தது. அதற்குப் பின்னால் ஆமோஸின் குதிரை, ஆள் இல்லாத வண்டியை இழுத்துக்கொண்டு தானாக வந்தது. ஜாபெஸுக்குத் தொண்டை கட்டிப் பேச்சே வரவில்லை. காற்றாகத்தான் வந்தது.

"வலையைப் பார்க்க இறங்கினான். கூப்பிட்டேன் டபிதா. வர்றேன், வர்றேன்னு சொன்னான். ஒவ்வொரு தடவையும் இன்னும் தூரத்துல இருந்து சொன்னான்."

மூன்றாம் நாள் ஆமோஸின் உடல் வடக்கே ஒதுங்கியது. மரண விசாரணையிலும் ஜாபெஸ் இதையேதான் சொன்னான். "கூப்பிடுகிற குரலை விட்டு ஒரு மனிதன் ஏன் விலகிப் போக வேண்டும்?" என்று அதிகாரி கேட்டார். "தெரியலீங்க ஐயா. பனியில அப்படி ஆகும்" என்றான். பின்னால் நின்ற மீனவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். விபத்து என்று எழுதி முடித்தார்கள்.

தலையாட்டியவர்களில் பாதிப்பேர் சட்ச் குடும்பம், மீதிப்பேர் சட்ச் குடும்பத்தில் பெண் எடுத்தவர்கள். டபிதாவுக்கு அந்தத் தலையாட்டல் ஒரு சாட்சியாகவே படவில்லை. "கூப்பிட்டா வராம இருக்க ஆமோஸ் என்ன செவிடா?" என்று லெட்டியிடம் ஒரே ஒரு தடவை கேட்டாள். அதற்குமேல் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவள் மனதில் ஒரு படம் பதிந்துவிட்டது. கடல் ஏறுகிறது, ஜாபெஸுக்கு உயிர்ப் பயம் பிடிக்கிறது, குதிரையைச் சாட்டையால் அடித்துத் திருப்புகிறான், பின்னால் ஆமோஸ் கத்துவது காதில் விழுந்தும் திரும்பிப் பார்க்காமல் வருகிறான். ஊர்ப் பெண்கள் மணல்வெளிக்குள் அவ்வளவு தூரம் போவதில்லை. வீட்டில் உட்கார்ந்து இறால் உரிப்பார்கள். ஆகவே அந்தப் படத்தைச் சரிபார்க்க அவளுக்கு வழியும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் கோயில் வாசகசாலையில் இருந்து 'மூன்றாவது வண்டி' அவள் கைக்கு வந்தது. தேசம் முழுக்க முப்பது வருஷமாகப் படித்துத் தேய்த்த துப்பறியும் நாவல். லண்டனில் பெரிய மனிதர்கள் இரண்டு பேர் அடுத்தடுத்துக் கொல்லப்படுகிறார்கள். துப்பறிகிறவர் நூல் பிடித்துப் போனால் கதை ஆப்பிரிக்காவில் ஒரு பாலைவனத்துக்குப் போய் நிற்கிறது. மூன்று பேர் மூன்று வண்டிகளில் வைரத்தோடும் வேலைக்காரர் கூட்டத்தோடும் பாலைவனத்தைக் கடக்கிறார்கள். மூன்றாவது வண்டிக்காரன் தண்ணீர் தேடி இறங்கிப் போகும்போது, பின்னாளில் லண்டனில் பெரிய மனிதர்களாகப் போகிற மற்ற இருவரும் அவன் வண்டியையும் ஓட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அவன் பின்னாலிருந்து கூப்பிடுகிறான். அவர்கள் காதில் விழுகிறது, ஆனாலும் வண்டிகள் நிற்பதில்லை. புத்தகத்தில் அந்தப் பக்கம் டபிதாவின் கட்டைவிரல் பட்டுப் பட்டுக் கறுத்துப்போயிருந்தது.

"கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சும் நாலாவது தடவை படிக்கிறியே, இந்தத் தடவை அவன் மனசு மாறிடுவான்னு பார்க்கிறியா?" என்று லெட்டி கேலி செய்வாள். டபிதா அடுத்த பக்கத்தைப் புரட்டுவாள். அந்தக் கதையில் கடைசியில் ஒருவர் வந்து, இதுதான் நடந்தது என்று எல்லோர் முன்னாலும் எடுத்து வைக்கிறார். தனக்கு அப்படி ஒருவர் வரவில்லையே என்பதுதான் அவள் ஏக்கம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதிமூன்றாம் வருஷம் ஜூன் மாதம், அந்த நாவலையே படம் பிடிக்கிறோம் என்று லண்டனிலிருந்து ஒரு கம்பெனி வந்து இறங்கியது. ஆப்பிரிக்காவுக்குப் போக வசதி இல்லை, கிராஸ்மாஸ் மணல்வெளி போதும் என்றார்கள். டைரக்டர் ஃபாரண்ட் குள்ளமான மனிதர். கையில் ஒரு தகரக் குழலை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவரிடமும் அதில்தான் பேசுவார். மூன்று இறால் வண்டிகளுக்கு வளைவு கட்டி மேலே கித்தான் போர்த்தினார்கள். ஊர்க்காரர்கள் ஐம்பது பேரைக் கூட்டத்துக்கு எடுத்தார்கள். மணலில் வழிகாட்டக் கிராமத்தார் ஒரே மனதாக ஒருவனைத்தான் சொன்னார்கள். அது ஜாபெஸ்.

"அவன் வர்ற இடத்துக்கு நான் வரல" என்றாள் டபிதா.

"அவன் முன்னாடி போவான், நீ பின்னாடி வா. நடுவுல அரை மைல் பாலைவனம் இருக்கு, போதாதா?" என்றாள் லெட்டி. "ஒரு நாள் கூலி, ஒரு வாரம் இறால் உரிச்சாலும் வராதுடி. உன் புஸ்தகத்துக்குள்ளயே நடந்து போகலாம். யாருக்குக் கிடைக்கும்?"

கூலிக்காக டபிதா போகவில்லை. அந்தக் கட்டத்தை, அந்த வண்டிகள் நிற்காமல் போவதை, ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

கதையில் வண்டி இழுப்பவை எருதுகள். கிராஸ்மாஸில் எருது ஏது? "தூரத்துல நிறுத்தி எடுத்தா குதிரையும் எருது மாதிரிதான் தெரியும்" என்றார் ஃபாரண்ட். "என் புருஷன்கூடத் தூரத்துல நின்னா நல்லாத்தான் இருக்கான்" என்றாள் லெட்டி. கூட்டமே சிரித்தது. அவள் புருஷன்தான் முதலில் சிரித்தான். துப்பறிகிறவர் எப்போது வருவார் என்று ஹெஸ்டரும் மற்றப் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் இந்தக் கட்டத்திலேயே வரமாட்டார், லண்டனில் இருக்கிறார் என்று தெரிந்ததும் ஊரில் பாதி உற்சாகம் வடிந்துவிட்டது.

கோயில் கோபுரமும் கடலுக்குள் நீளும் பாலமும் படத்தில் விழுந்தால் ஆப்பிரிக்கா கெட்டுப்போகும் என்பதால் தினமும் மணலுக்குள் ஒன்றரை மைல் நடந்தார்கள். முதல் இரண்டு நாளும் வெயில். மூன்றாம் நாள்தான் கைவிடும் கட்டம். ஃபாரண்ட் பெண்கள் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்து டபிதா முன்னால் நின்றார்.

"கடைசி வண்டிக்குப் பின்னால இந்த அம்மா நடக்கட்டும். இவங்க முகத்துல இரக்கமே இல்ல. அருமை! அவன் கூப்பிடுறது காதுல விழணும், ஆனா நீங்க திரும்பக் கூடாது. முடியுமா?"

"முடியும்" என்றாள் டபிதா. லெட்டி தரையைப் பார்த்தாள்.

கைவிடப்படுகிறவனாக நடித்தவர் மிஸ்டர் ஹேல். நகரத்து நடிகர், மெலிந்த உடம்பு, மெல்லிய தோல் செருப்பு. அவரைக் கடல் பக்கமாக இருநூறு அடி தள்ளித் தனியாக நிறுத்தினார்கள். கேமராக்காரர் கைப்பிடியைச் சுற்ற, வண்டிகள் நகர, ஹேல் கையை நீட்டிக் கத்திக்கொண்டு ஓடிவர, டபிதா வண்டியோடு நடந்தாள். சத்தம் பதியாத படம்தான், ஆனால் அந்த மனிதர் உண்மையாகவே தொண்டை கிழியக் கத்தினார். டபிதா திரும்பவில்லை.

அது முடிந்ததும் ஜாபெஸ் வந்து தொப்பியைக் கழற்றினான். "ஐயா, காத்து நின்னுபோச்சு. கடலுக்கும் வானத்துக்கும் நடுவுல இருந்த கோடு மறைஞ்சுபோச்சு. கடலும் திரும்புற நேரம். கிளம்பிடலாம்."

"இன்னும் ஒரே ஒரு தடவை" என்றார் ஃபாரண்ட் குழல் வழியாக.

"நான் சொல்றதைக் கேளுங்க ஐயா."

"அஞ்சு நிமிஷம்!"

ஹேல் மறுபடி தன் இடத்துக்குப் போனார். இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் தள்ளியே போனார். வண்டிகள் நகர்ந்தன. பத்து அடி வைப்பதற்குள் டபிதாவின் கன்னத்தில் ஈரம் பட்டது. வெள்ளையாக ஒன்று கடலிலிருந்து உருண்டு வந்து, முதலில் ஹேலை விழுங்கியது, அப்புறம் மணலை, அப்புறம் முன்னால் போன குதிரையின் தலையை. கேமராக்காரர் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"வண்டி நிக்கட்டும்!" ஜாபெஸின் குரல் கேட்டது. "எல்லாரும் வண்டியில கைய வைங்க! யாரும் கைய எடுக்கக் கூடாது! ஒவ்வொருத்தரா பேரைச் சொல்லுங்க!"

ஹேலுக்குப் பக்கத்தில் இருந்தவள் டபிதா ஒருத்திதான். அவள் யோசிக்கவில்லை. "அந்த ஆளக் கூட்டிட்டு வந்துர்றேன்" என்று லெட்டியிடம் சொல்லிவிட்டு வண்டியை விட்டுக் கையை எடுத்தாள். அவர் கத்தும் சத்தத்தை வைத்துத் தேடி அலைந்து, ஒரு வழியாக அவருடைய வெள்ளைச் சட்டையைக் கண்டுபிடித்தாள். மனிதர் மணலில் குந்தி உட்கார்ந்திருந்தார்.

"எழுந்திருங்க. நடிச்சது போதும்" என்று கையைப் பிடித்துத் தூக்கினாள். வந்த காலடித் தடத்தைப் பார்த்துத் திரும்பிவிடலாம் என்று நினைத்தாள். தடத்தில் நீர் ஊறி எல்லாம் ஒரே வழவழப்பாகிவிட்டிருந்தது.

"டபிதாஆ!"

எட்டு வருஷத்துக்கு அப்புறம் ஜாபெஸ் அவள் பெயரைச் சொல்கிறான். சத்தம் வலது பக்கமிருந்து, தெளிவாக வந்தது. "வர்றேன்!" என்று கத்திவிட்டு வலது பக்கம் நடந்தாள். கொஞ்ச தூரத்தில் கணுக்கால் நனைந்தது. கரைக்குப் போகிற வழியிலும் ஓடைகள் உண்டுதானே என்று தாண்டினாள். மறுபடி குரல். கொஞ்சம் மங்கலாக, ஆனால் அதே வலது பக்கம். "வர்றேன், வர்றேன்!" தண்ணீர் ஆடுசதைக்கு வந்தது. பாவாடை கனத்தது. மூன்றாவது தடவை குரல் கேட்டபோது அது ரொம்பத் தூரத்தில் இருந்தது. தண்ணீர் முழங்காலைத் தொட்டு, காலைப் பிடித்து இழுத்தது.

"வர்றேன்" என்று மறுபடி சொன்னாள். சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

அங்கேயே நின்றுவிட்டாள். ஒவ்வொரு தடவையும் இன்னும் தூரத்தில் இருந்து. இப்படித்தான் ஆமோஸ் நடந்திருக்கிறான். கூப்பிட்டது கேட்டு, நம்பி, குரலை நோக்கித்தான் போகிறோம் என்று ஒவ்வொரு அடியாகக் கடலுக்குள் நடந்திருக்கிறான். கரைப் பக்கத்தில் ஒருவன் தொண்டை கட்டும்வரை கூப்பிட்டிருக்கிறான். இரண்டு பேரும் ஒரு தப்பும் செய்யவில்லை.

"ஏன் நின்னுட்டீங்க? அவங்க அந்தப் பக்கம்தானே கூப்பிடுறாங்க?" என்றார் ஹேல், பல் கிட்டிக்க.

"அந்தப் பக்கம் கேக்குது. அவங்க அங்க இல்ல." அவள் தலையைத் தூக்கி, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினாள். "ஜாபெஸ்! உன் குரல் கடல் பக்கம் கேக்குது! நான் இனி நடக்க மாட்டேன்! இங்கயே நிக்கிறேன்! நீ வா!"

பிறகு எங்கிருந்தோ, எல்லாப் பக்கமிருந்தும் வருகிற மாதிரி, அவன் குரல் வந்தது. "நில்லு! அப்படியே நில்லு! அசையாத!"

"நிக்கிறதா? தண்ணி ஏறுதே அம்மா!" என்றார் ஹேல்.

"நடந்தா இன்னும் வேகமா ஏறும். என் கையப் பிடிச்சுக்குங்க. உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"ரெண்டு."

"பேர் சொல்லுங்க."

அவர் சொன்னார். அவர்கள் வயது என்ன, எந்தப் பள்ளிக்கூடம், யாருக்குக் கணக்கு வராது என்று எல்லாம் அவள் கேட்டாள். தண்ணீர் தொடைக்கு வந்தது. ஊர்க் கோயிலில் மணி அடிக்க ஆரம்பித்தார்கள். அது நாலு திசையிலிருந்தும் கேட்டது. இரண்டாவது பிள்ளையின் பூனைக்கு என்ன பெயர் என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தபோது ஏதோ ஒன்று பின்னாலிருந்து அவள் இடுப்பில் வந்து முட்டியது. பதறிக் கையை வைத்தாள். கயிறு.

மூன்று வண்டியிலும் இருந்த வலைக் கயிறுகளையெல்லாம் முடிச்சுப் போட்டு, ஒரு முனையை வண்டிச் சக்கரத்தில் கட்டி, பத்துப் பேர் இடைவெளி விட்டுப் பிடித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றி வந்திருக்கிறார்கள். மறுமுனையில், அவளையும் தாண்டி ஆழத்தில், கழுத்தளவு தண்ணீரில் ஜாபெஸ். கயிறு தட்டியது தெரிந்ததும் அதைப் பிடித்துக்கொண்டே வந்து அவள் கையைப் பற்றினான். வேறு யாராவது இருந்தால் திட்டியிருப்பான். எட்டு வருஷமாகப் பேசிப் பழகாதவளைத் திட்ட அவனுக்கு வரவில்லை.

"உன் குரல் கடல் பக்கம் கேட்டுச்சு ஜாபெஸ்" என்றாள்.

"ஆமா. அப்படித்தான் கேக்கும்."

"ஆமோஸுக்கும்..."

"ஆமோஸுக்கும் அப்படித்தான் கேட்டிருக்கும்." பிறகு, "முதல்ல நட டபிதா. கயித்த விடாத" என்றான்.

ஜாபெஸின் கிழட்டுக் குதிரைக்கு டச்சஸ் என்று பெயர். கடிவாளத்தைத் தளரவிட்டு, "வீட்டுக்குப் போ தாயி" என்று அதன் கழுத்தில் தட்டினான். அது ஒரு கணம் நின்று, மூக்கை உயர்த்தி, யாரும் எதிர்பார்க்காத பக்கமாகத் திரும்பி நடந்தது. மற்ற வண்டிகள் அதன் பின்னால், மனிதர்கள் வண்டிகளைப் பிடித்துக்கொண்டு. ஃபாரண்ட் குழலை எங்கோ போட்டுவிட்டார். கேமராவைக் கட்டிப்பிடித்தபடி வாய் திறக்காமல் நடந்தார். முக்கால் மணி நேரம் கழித்துக் காலுக்கடியில் மணல் மாறிக் கரையோரத்து உப்புப்புல் தட்டியது. அந்தப் புல்லை மிதித்ததும் லெட்டி தரையில் உட்கார்ந்து சத்தமாகச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அழுகையாகி, மறுபடி சிரிப்பாகியது. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஒருவர்கூடக் குறையவில்லை. ஹெஸ்டர் ஓடிவந்து அம்மாவின் ஈரப் பாவாடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஃபாரண்ட் ஜாபெஸிடம் வந்து, குழல் இல்லாமல், மெதுவாக, "நீங்க சொன்னப்பவே கிளம்பியிருக்கணும். என் தப்பு" என்றார். "சரி ஐயா. எல்லாரும் வந்தாச்சு" என்றான் ஜாபெஸ்.

அன்று சாயங்காலம் டச்சஸின் குளம்புச் சத்தம் தெருவில் கேட்டபோது டபிதாவின் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அவள் நிலைப்படியில் நின்றாள்.

"உள்ள வா. டீ போட்டிருக்கேன்."

ஜாபெஸ் குதிரையைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். ஆமோஸ் உட்காரும் நாற்காலியில் உட்காராமல் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான். டபிதா டீயை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள்.

"உன்னைத் தப்பா நெனச்சுட்டேன்" என்றாள் டபிதா.

"தெரியும்."

"தெரிஞ்சுமா ஒரு தடவகூட வந்து சொல்லல?"

"சொன்னேனே. அன்னிக்கே சொன்னேன், விசாரணையிலயும் சொன்னேன். அதுக்குமேல என்ன சொல்றது? நடந்ததே அவ்வளவுதான்."

அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவினாள். தடவின ரொட்டியிலேயே மறுபடி தடவினாள். "இன்னிக்குக் கட்டின மாதிரி அன்னிக்குக் கயிறு கட்டியிருந்தா..."

"மறுமுனையப் பிடிக்க ஆள் இல்ல டபிதா. ரெண்டே பேர். அதுல ஒருத்தன் அவன்." ஜாபெஸ் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "எத்தனை நாள் அதையே யோசிச்சிருக்கேன் தெரியுமா? நீ இன்னிக்கு, நடக்க மாட்டேன், நீ வான்னு கத்தினியே, என் உசிரு திரும்பி வந்துச்சு. அவன்கிட்ட அதைச் சொல்ல அன்னிக்கு எனக்குத் தோணல. வா, வான்னுதான் கூப்பிட்டேன். நில்லுன்னு கூப்பிட்டிருக்கணும்."

இப்போதுதான் டபிதாவுக்குப் புரிந்தது. எட்டு வருஷமாக இவன் பேசாமல் இருந்தது குற்றத்தை மறைக்க அல்ல. அவளுக்கு முன்னாலேயே அவன் தன்னைக் கூண்டில் ஏற்றித் தினமும் விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"உனக்கு இருபத்தஞ்சு வயசு அப்போ" என்றாள். "தொண்டை கிழியக் கத்தியிருக்க. எனக்கு இன்னிக்கு நிக்கத் தோணினதே நீ அன்னிக்குச் சொன்ன வார்த்தையாலதான். ஒவ்வொரு தடவையும் இன்னும் தூரத்துல இருந்துன்னு நீ சொல்லலைன்னா நானும் அந்த நடிகரும் இப்போ கடல்ல இருப்போம். சாப்பிடு."

அவன் சாப்பிட்டான். ஹெஸ்டர் கதவோரமாக நின்று, இதுவரை தூரத்திலிருந்தே பார்த்த சித்தப்பாவை உச்சி முதல் பாதம்வரை பார்த்தாள். "உங்க குதிரை மேல ஏறலாமா?" என்று கேட்டாள். "அதை டச்சஸ்கிட்டதான் கேக்கணும்" என்றான் ஜாபெஸ். டபிதாவுக்குச் சிரிப்பு வந்தது. அது அப்படியே ஆமோஸின் பேச்சுத்தான். அன்றிரவு அவள் படுத்ததும் தூங்கிப்போனாள். பல வருஷமாக அவளுக்கு அப்படித் தூக்கம் வந்ததில்லை.

நவம்பரில் படம் நகரத்துக் கொட்டகைக்கு வந்தது. சனிக்கிழமை மதியக் காட்சிக்குக் கிராஸ்மாஸே வண்டி கட்டிக்கொண்டு போனது. ஜாபெஸ் மட்டும் வரவில்லை. வலை பின்ன வேண்டும் என்றான். லெட்டிக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அதனால் திரையில் எழுத்து வரும்போதெல்லாம் டபிதா அவளுக்குப் படித்துச் சொன்னாள். பத்து நிமிஷத்தில் முன் வரிசை, பின் வரிசை எல்லாம் "கொஞ்சம் சத்தமா படிங்க" என்று கேட்க ஆரம்பித்துவிட்டது. துப்பறிகிறவர் ஒருவழியாகத் திரையில் வந்தபோது பிள்ளைகள் விசில் அடித்தார்கள். பாலைவனம் வந்தபோது ஊரே எழுந்து நின்றது. "அதோ என் குதிரை!" "என் தலை எங்கடா?" "கித்தானுக்குள்ள!" கடைசி வண்டிக்குப் பின்னால் குல்லாய் போட்ட ஒரு பெண் இறுகிய முகத்தோடு நடந்தாள். பத்து எண்ணும் நேரம்தான் இருந்தாள். "ஐயோ, யாருடி இந்தக் கொடுமைக்காரி?" என்றாள் லெட்டி. டபிதா வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். பனி இறங்குவதையும் அப்படியே படத்தில் சேர்த்திருந்தார்கள். பாலைவனத்தில் ஏது பனி என்று ஒருவரும் கேட்கவில்லை. புழுதிப் புயல் என்று எழுதிப் போட்டுவிட்டார்கள்.

அடுத்த வாரம் டபிதா ஜாபெஸின் வீட்டு வாசலில் போய் நின்றாள். "சட்டைய மாத்து. படத்துக்குப் போறோம்."

"நான் எதுக்கு? அந்த இடம் எனக்கு..."

"நானும் பக்கத்துல இருக்கேன். கிளம்பு."

கொட்டகையில் அவன் ஓரத்து இருக்கையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கொலைகளை ரசித்தான். துப்பறிகிறவர் குளம்புத் தடத்தைப் பார்த்துக் குதிரைக்கு எந்தக் கால் நொண்டி என்று சொன்னபோது, "அதுகூடத் தெரியாதவன் இருக்கானா?" என்று முணுமுணுத்தான். மணல்வெளி வந்ததும் மடியில் இருந்த தொப்பியை இறுகப் பிடித்துக்கொண்டான். வெள்ளையாக அது உருண்டு வரத் தொடங்கியபோது ஜாபெஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டான். டபிதா மூடவில்லை. திரையில் ஹேல் மறைவதையும், குதிரைத் தலை மறைவதையும், கடைசியாகத் தன் குல்லாய் மறைவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். திரைக்குக் கீழே பியானோ வாசிக்கிறவர் ராகத்தை மாற்றினார்.

"முடிஞ்சுது. கண்ணத் திற" என்றாள்.

"எல்லாரும் போயிட்டாங்களா?"

"எல்லாரும் கரை சேர்ந்தாச்சு. அவங்க கைவிட்ட ஆள்கூட இந்நேரம் லண்டன்ல பொண்டாட்டி பிள்ளையோட டீ குடிச்சிட்டிருப்பான்."

ஜாபெஸ் ஒரு கண்ணைத் திறந்தான், பிறகு இன்னொன்றை. திரையில் துப்பறிகிறவர் ஒரு கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். "இப்போ யாரைப் பிடிக்கப் போறான்?" என்று கேட்டான். "சும்மா பாரு" என்றாள் டபிதா. அவன் தொப்பியைக் கீழே வைத்துவிட்டு, காலை நீட்டி, சௌகரியமாகச் சாய்ந்துகொண்டான்.